வேலையைத் தெரிவுசெய், போரைப் பற்றிக் கேளாதே

ஐக்கிய அமெரிக்காவிலே படையிற் சேர எண்ணும் இளைஞனுக்கு அவனுடைய உறவினரும் நண்பரும் முன்னாட் படைவீரரும் வழங்குகின்ற புத்திமதி ஒன்றுண்டு. கையொப்பம் வைப்பதற்கு முன் உன் வேலை எதுவென்பதை எழுத்திலே வாங்கிக்கொள். வாய்மொழியாக எவர் எதைச் சொன்னாலும் நம்பாதே. விரும்பிய வேலை இல்லையென்றால் எழுந்து வீட்டுக்குப் போய்விடு. இதுவே அப் புத்திமதி. நல்ல புத்திமதிதான். அதைச் சொல்பவர்களிற் பலர் ஏமாந்து அறிவு பெற்றவர்கள். அவர்களோடு எமக்கு வழக்கில்லை. ஆனால், இப் புத்திமதி நிலவுவதையே ஒரு சுதந்திர நாட்டின் சிறப்பாக எடுத்துக்காட்டுவோர் உளர். "பாருங்கள், அங்கே சாதாரண சிப்பாய்கூடத் தன் உத்தியோகத்தைத் தானே தெரிவுசெய்கிறான். விருப்பமில்லாவிடிற் சேராமல் விடலாம். இரு தரத்தாரும் சமமாக உட்கார்ந்து செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது" என்று எம்மவரிடையேயும் படித்தவர் சிலர் வியந்து பேசக் கேட்டிருக்கின்றோம். எமது வழக்கு இவ் வியப்போடுதான்.

யாரோ தூரதேசத்தாரின் வீட்டு விவகாரம் எமக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். 2009 ஆம் ஆண்டில் அந் நாட்டுப் படை, நிரந்தரக் குடியுரிமையற்ற வெளிநாட்டாருட் குறிப்பிட்ட சில மொழிகள் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு திட்டம் வகுத்தது. அதன் மொழிப் பட்டியலிலே தமிழும் இருந்தது, சிங்களமும் இருந்தது. எமது இரு மொழிகளும் அந்த மேசைமீது ஒருமுறை வைக்கப்பட்டுவிட்டன. அக் கதையைப் பின்னர் சொல்வோம். முதலில் மேசையைப் பார்ப்போம்.

ஆட்சேர்ப்பாளன் ஊர்க் கடைத்தெருவிலே ஓர் அறை எடுத்து உட்கார்ந்திருப்பான். அல்லது பாடசாலையின் உணவுக்கூடத்து வாயிலில் நிற்பான். பாடசாலைக்குள் அவன் நுழைவதும், மாணவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைப் பெறுவதும் அங்கே சட்டப்படி நடப்பவை. 2002 ஆம் ஆண்டு தொடக்கத்திற் கையொப்பமான கல்விச் சட்டம், மத்திய அரசின் பணம் பெறும் பாடசாலைகள் அவற்றைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று விதித்தது. பெற்றோர் எழுத்தில் மறுத்தாலன்றி விலக்கில்லை. பிள்ளைகளின் கல்வியை உயர்த்துவதற்கென்று இயற்றப்பட்ட சட்டத்திலே இந்த வாசகம் எப்படி வந்து புகுந்தது என்று கேட்பார் மிகச் சிலரே.

அந்த ஆட்சேர்ப்பாளனும் ஒரு சார்ஜண்ட்தான். மாதத்துக்கு இத்தனை பேர் என்று அவனுக்குக் கணக்கு உண்டு. கணக்குத் தவறினால் அவனுடைய பதவியுயர்வு தடைப்படும். ஆகவே அவன் பொய் சொல்லத் தொடங்குவது அவனுடைய தீய குணத்தினால் மட்டுமன்று. அந் நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2006 இல் வெளியிட்ட அறிக்கை, ஆட்சேர்ப்பாளர்மீது எழுந்த முறைகேட்டுச் சம்பவங்கள் 2004 நிதியாண்டில் ஏறத்தாழ 4,400 ஆக இருந்து மறு ஆண்டில் ஏறத்தாழ 6,500 ஆக உயர்ந்தன என்று காட்டியது. ஈராக்கிலே சாவு பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. வருவோர் தொகை குறையக் குறைய வாக்குறுதிகளின் தொகை ஏறியது என்பதே இதன் பொருள்.

அடுத்த கட்டம், நாடெங்கும் அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் உள்ள பரிசோதனை நிலையம். பதினெட்டு வயதுப் பிள்ளையை முதல்நாள் இரவு விடுதியிலே தங்கவைத்து விடியுமுன் எழுப்பிக் கொண்டுபோவார்கள். இரத்தம், சிறுநீர், கண், காது எல்லாம் சோதிப்பார்கள். கடைசியாக ஆலோசகரின் அறை. அவர் முன்னாலே ஒரு கணினித் திரை. அன்றைய தினம் எந்தெந்த வேலைகளுக்கு வெற்றிடம் உண்டோ, அவற்றுள் எவற்றுக்கு இப் பிள்ளையின் புள்ளிகளும் உடல்நிலையும் பொருந்துமோ அவை மட்டும் அத் திரையிலே தோன்றும். பிள்ளை கேட்ட வேலை அதில் இல்லையென்றால், இருக்கும் ஒன்றை எடு என்பார். இதற்கு ஊக்கத்தொகையும் உண்டு என்பார். 2022 ஜனவரியில் தரைப்படை அறிவித்த உச்ச ஊக்கத்தொகை ஆறாண்டுச் சேவைக்கு 50,000 டொலர். பசியோடும் நித்திரைக் கலக்கத்தோடும், வீட்டாரிடம் விடைபெற்று வந்துவிட்டோமே என்ற வெட்கத்தோடும் இருக்கும் பிள்ளை, அந்த வேளையிலே எழுந்து போய்விடுமா? சிலர் போவார்கள். அத்தகையோர் துணிச்சல் உள்ளவர்கள் என்பதைக் காட்டிலும், திரும்பிப் போவதற்கு ஒரு வீடும் வேறு வழியும் உள்ளவர்கள் என்பதே பொருந்தும்.

புள்ளிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனிற் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. சொற்பொருள், வாசித்து விளங்கல், எண்கணிதம், கணித அறிவு என்னும் நான்கு பகுதிகளிலிருந்து ஒன்று முதல் 99 வரை ஒரு தரம் கணிக்கப்படுகிறது. தரைப்படை வழக்கமாகக் குறைந்தது 31 கேட்கும். அதற்கு மேலே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு கூட்டுப்புள்ளி. புலனாய்வு, மின்னணுவியல், வைத்திய ஆய்வுகூடம் முதலிய, வெளியே வந்தபின்பும் சோறு போடக்கூடிய வேலைகளுக்கு உயர்ந்த புள்ளிகள் வேண்டும். நல்ல ஆசிரியரும் நூலகமும் உள்ள பாடசாலையிற் படித்தவன் அப் புள்ளிகளைப் பெறுவான். வரிப்பணம் வற்றிய நகர்ப்புறத்திலோ, சுரங்கம் மூடப்பட்ட மலைநாட்டிலோ படித்தவன் பெறமாட்டான். தெரிவு என்று சொல்லப்படுவது அந்த அறையிலே நடக்கவில்லை. அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, எந்தத் தெருவில் எந்தப் பாடசாலையில் அப் பிள்ளை அரிவரி கற்றது என்பதிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஆலோசகரின் திரை அதை வாசித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

இனி ஒப்பந்தப் பத்திரத்துக்கு வருவோம். எல்லாப் படைகளும் ஒரே மாதிரி எழுதிக் கொடுப்பதில்லை. தரைப்படை குறித்த ஒரு வேலையின் பெயரையே எழுதும். விமானப்படை சில வேளைகளிற் பரந்த ஒரு துறையை மட்டும் குறித்துவிட்டு, வேலையைப் பின்னர் சொல்லும். கடற்படை, தொழில் எதுவும் குறிக்காமலே சிலரை ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலின் மேற்தளத்தைச் சுரண்டி வர்ணம் பூசவிடும். பயிற்சிப் பாடசாலையிலே தேறத் தவறினால் எல்லோர்க்கும் ஒரே விதி: படையின் தேவை எதுவோ அங்கே போகவேண்டும். "படையின் தேவை" என்ற இந்தத் தொடர் அங்கே சகல சந்தேகங்களையும் தீர்த்துவைக்கும் மந்திரம்.

வாய்மொழி வாக்கு எதுவும் செல்லாது என்று பத்திரமே பெரிய எழுத்துகளிற் சொல்கிறது. அதுவாவது நேர்மை. ஆனால் அதே பத்திரத்தின் இன்னொரு பந்தியைப் படிப்பவர் குறைவு. படையினரை ஆளும் சட்டங்களும் விதிகளும் முன்னறிவித்தலின்றி மாறக்கூடும் என்றும், அம் மாற்றங்கள் சேர்பவனின் நிலையையும் சம்பளத்தையும் பொறுப்புகளையும், இப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தபோதிலும், பாதிக்கக்கூடும் என்றும் சேர்பவனே ஒப்புக்கொள்வதாக அப் பந்தி கூறுகின்றது. மூன்றாண்டு, நான்காண்டு என்று பேசிச் சேர்ந்தவனுக்கும் மொத்தக் கடப்பாடு எட்டு ஆண்டுகள் என்பது சட்டம். ஒரு பக்கத்தார் எந்நேரமும் மாற்றலாம். மறு பக்கத்தான் வேலைக்கு வராவிட்டாற் சிறை. ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை தன் தொழிலாளியோடு இப்படியொரு பத்திரம் எழுதிக்கொண்டிருந்தால் அதை ஒப்பந்தம் என்று எவராவது அழைத்திருப்பரா?

சொல்லளவிலே நிற்காமல் ஓர் உண்மை வழக்கைக் காட்டுகின்றோம். ஒரிகன் மாநிலத்தின் தேசியக் காவற்படையிலே பதினெட்டாம் வயதிற் சேர்ந்த ஒருவருக்கு எட்டாண்டுக் காலம் 2004 ஜூன் மாதத்தோடு முடிய இருந்தது. முடிவதற்குச் சில வாரங்களே இருக்கையில் அவருடைய காலம் நீட்டப்பட்டது. ஆப்கானிஸ்தானுக்குப் போகுமாறு கட்டளை வந்தது. விடுதலைக்குரிய புதிய தேதியாகப் பதிவேட்டில் இடப்பட்டது 2031 ஆம் ஆண்டு! நிர்வாக வசதிக்காகவே அவ்வாறு இட்டோம் என்றனர் அதிகாரிகள். அவர் வழக்குத் தொடுத்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 2005 இல் அவருக்கு எதிராகத் தீர்த்தது. படையினரின் விலகலை நிறுத்திவைக்க ஜனாதிபதிக்குச் சட்டம் அதிகாரம் அளித்திருக்கின்றது. ஒப்பந்தம் அதற்கு உட்பட்டதே என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். அதுதான் எமது வாதமும். அவரைப் போலக் காலம் முடிந்தும் விடப்படாதவர்கள் 2001 க்குப் பிந்திய ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பின்னர் பாராளுமன்றம் அவர்களுக்கு மாதம் 500 டொலர் வீதம் கணக்குப் பார்த்துக் கொடுத்தது.

சரி, பத்திரம் மீறப்படவில்லை, எழுதிய வேலையே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 2003 மார்ச் 23 ஆம் நாள், ஈராக்கின் நசிரியா நகரிலே, டெக்சாஸ் மாநிலத்துப் போட் பிளிஸ் முகாமைச் சேர்ந்த 507 ஆம் பராமரிப்புக் கம்பனியின் வாகனத் தொடர் வழிதவறிப் போய் எதிர்ப்படையிடம் அகப்பட்டது. இவர்கள் ஏவுகணைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவினர். திருத்துநர், களஞ்சிய இலிகிதர், சமையற்காரர், லொறிச் சாரதி. போர்முனைக்குப் பின்னால் நிற்கும் வேலைகள் என்று எந்த ஆலோசகரும் தயங்காமற் சிபாரிசு செய்யக்கூடியவை. அத் தொடரில் இருந்த 33 பேரில் 11 பேர் மாண்டனர். 7 பேர் சிறைப்பட்டனர். சிறைப்பட்டவருட் சமையற் பிரிவைச் சேர்ந்த ஷொஷானா ஜோன்சன் கால்களிற் குண்டடிபட்டு மூன்று வாரம் கைதியாய்க் கிடந்தார். மேற்கு வேர்ஜீனியாவின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த களஞ்சிய இலிகிதர் ஜெசிக்கா லிஞ்ச்சுக்கு அப்போது வயது 19. படையிலிருந்து வந்து சிறு குழந்தைகளுக்கு ஆசிரியையாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் கடைசிக் குண்டு தீரும்வரை சுட்டுப் போராடினார் என்று ஒரு வீரகதை அமெரிக்கப் பத்திரிகைகளிலே பரப்பப்பட்டது. 2007 ஏப்ரலில் அவரே பாராளுமன்றக் குழுவின் முன் வந்து அது பொய் என்று சாட்சி சொன்னார். அந்தப் பெண்ணின் நேர்மையை நாம் வணங்குகின்றோம். களஞ்சியக் கணக்கு எழுத வந்த பெண்ணை வீராங்கனையாக்கும் அவசரம் எதனால் ஏற்பட்டது? கணக்கு எழுத வந்த பெண் அங்கே எதற்குப் போனாள் என்ற கேள்வி எழாதிருக்க வேண்டும் என்பதனாலேயே என்று நாம் எண்ணுகின்றோம். அந்த ஆண்டுகளிலே பீரங்கிப் படையினர் காவல் வேலைக்கும், கடற்படையினரும் விமானப்படையினரும் தரையிலே வாகனத் தொடர்களுக்கும் சிறைக்காவலுக்கும் அனுப்பப்பட்டனர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

"ஆயினும் எல்லோர்க்கும் அப்படி நேர்வதில்லை. நல்ல வேலையைத் தேடிக்கொண்டவர் பெரும்பாலும் தப்பித்தான் விடுகிறார்" என்று மறுப்போர் கூறலாம். மெய்தான். தப்பித்தான் விடுகிறார். அவர் தப்பிய இடத்துக்கு வேறொருவர் போகிறார் என்பதைத்தான் மறுப்போர் சொல்வதில்லை. இதை விளங்கிக்கொள்ள வியட்நாம் போரின் காலத்துக்குச் செல்லவேண்டும்.

அக்காலத்திலே கட்டாயப் படைச்சேவை இருந்தது. கட்டாயமாக அழைக்கப்பட்டவனுக்குச் சேவைக்காலம் இரண்டு ஆண்டு; எங்கே போடுவது என்பது படையின் விருப்பம். அழைப்பு வருமுன் தானாகச் சேர்ந்தால் மூன்று ஆண்டு. ஆனால் வேலையைத் தெரிவுசெய்யலாம். ஒரு வருடத்தை விலையாகக் கொடுத்துத் தட்டெழுத்தாளனாகவோ இயந்திரத் திருத்துநனாகவோ உயிர்பிழைக்கும் வாய்ப்பை வாங்கலாம். இலட்சக்கணக்கானோர் வாங்கினர். அவர்களை நாம் குறைகூறவில்லை. எமது பிள்ளைகளாயினும் அதைத்தான் செய்திருப்பர். விளைவு என்ன? 1969 இல் வியட்நாமிற் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குள்ளே நடந்த தரைப்படைக் காலாட்களிற் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கட்டாயமாக அழைக்கப்பட்டவர்கள். படை முழுவதிலும் அவர்களுடைய பங்கு இதைவிட எவ்வளவோ குறைவு. கொடுத்து வாங்க ஒரு வருடம் இருந்தவர்களும், வாங்கலாம் என்று சொல்லித்தர ஆள் இருந்தவர்களும் விலகிக்கொள்ள, எஞ்சியவர்கள் வயலுக்குள் இறங்கினர்.

இன்னும் மேலே இருந்தவர்கள் மூன்றாண்டும் கொடுக்கவில்லை. பல்கலைக்கழக மாணவருக்கு ஒத்திவைப்பு. பட்டம் முடிந்ததும் தேசியக் காவற்படை. அக் காவற்படை வியட்நாமுக்கு அனுப்பப்படுவது மிக அரிது என்பதை யாவரும் அறிந்திருந்தனர். ஆகவே 1968 இல் அதிற் சேரக் காத்திருந்தோரின் பட்டியல் நீண்டு கிடந்தது. அதிலே கறுப்பின மக்களின் பங்கு நூற்றுக்கு ஓரிருவரே. அவ்வாண்டு மே மாதம் டெக்சாஸ் விமானக் காவற்படையில் இடம்பெற்றவர்களுள் ஒருவர், அம்மாநிலத்துக் கொங்கிரஸ் உறுப்பினரின் புதல்வர். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் ஜனாதிபதியாகி நசிரியாவுக்குப் படை அனுப்பியவரும் அதே ஜோர்ஜ் டபிள்யூ. புஷ்தான். 1988 இல் உபஜனாதிபதிப் பதவிக்கு நின்ற டான் குவேல், இந்தியானா மாநிலக் காவற்படையிலே பத்திரிகைத் தகவற் பிரிவிற் சேவை செய்தவர். விரும்பிய வேலையை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது எப்படி என்ற கலையை நன்கு பயின்றவர்கள் இவர்கள்.

அடிமட்டத்துக்கு வருவோம். 1966 இலே பாதுகாப்புச் செயலர் ரொபேட் மக்நமாரா ஒரு திட்டத்தை அறிவித்தார். "இலட்சம் பேர் திட்டம்" என்பது அதன் பெயர். பரீட்சையிற் புள்ளி போதாமையாற் தள்ளப்பட்ட இளைஞரை இனிச் சேர்த்துக்கொள்வது. வறுமையிற் கிடந்தவருக்குத் தொழில் கற்பித்து நல்ல குடிமக்களாகத் திருப்பி அனுப்புவது. இப்படித்தான் அது விளக்கப்பட்டது. வறுமையை ஒழிக்கப் போர் தொடுத்திருந்த அரசு, ஏழைகளை வேறொரு போருக்கு அழைத்துக்கொண்டது. 1971 இறுதிவரையில் மூன்றரை இலட்சம் பேர் அத் திட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டனர். அவர்களிற் பத்தில் நால்வர் கறுப்பினத்தவர். மூன்றில் ஒருவருக்கு மேல் போர்புரியும் பிரிவுகளுக்கே அனுப்பப்பட்டனர். வாக்களித்த கல்வி மிகச் சிலரையே எட்டியது. எட்டியிருந்தாலுங்கூட எமது கேள்வி மாறாது. எழுத வாசிக்கக் கற்பிக்க ஒரு நாடு தன் பிள்ளையைப் போர்க்களத்து வழியாகத்தான் கூட்டிச்செல்ல வேண்டுமா?

புள்ளியின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உலகக் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1964 இல் இதே பரீட்சையிற் தேறவில்லை; சேவைக்குத் தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டார். ஆள் தேவை மிகுந்து தராதரம் தாழ்த்தப்பட்டதும், 1966 இல் அதே மனிதர் அதே புள்ளியோடு தகுதியுள்ளவர் ஆனார். இரண்டாம் உலகப் போரிலே ஜோ லூயிஸ் செய்ததுபோல, படைவீரருக்குக் குத்துச்சண்டைக் காட்சி நடத்திக்கொண்டு ஆபத்தின்றிக் காலத்தைக் கழிக்க அவருக்கும் இடம் கிடைத்திருக்கும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். உலகிலேயே மிக வசதியான கடமை! 1967 ஏப்ரல் 28 ஆம் நாள் ஹூஸ்டன் நகரிலே பெயர் அழைக்கப்பட்டபோது அவர் அடி எடுத்து வைக்கவில்லை. பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் 10,000 டொலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1971 ஜூனில் உயர் நீதிமன்றம் அத் தீர்ப்பை நீக்கும்வரை, தன் சிறந்த ஆண்டுகளை அவர் இழந்தார். எந்த வேலை தருவீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எந்தப் போர் என்று கேட்டார். அந்த மேசையிலே கேட்கக்கூடாத ஒரே கேள்வி அதுதான். கேட்கக்கூடாது என்று எந்தப் பத்திரத்திலும் எழுதப்படவில்லை. வேலைகளின் பட்டியலை நீளமாக்கினாற் போதும். கேட்க வந்தவன் பட்டியலிலே மூழ்கிவிடுவான்.

1973 இற் கட்டாயச் சேவை கைவிடப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1971 இல், இன்றைய இராணுவம் உன்னோடு சேர விரும்புகிறது என்ற பொருளிலே தரைப்படை விளம்பரம் செய்தது. கட்டளையிட்டவன் கைகூப்பத் தொடங்கிவிட்டான் என்று எம் நண்பர்கள் மகிழ்வர். மகிழ்வதற்கு ஓரளவு காரணமும் உண்டு. மக்கள் எதிர்த்ததனால் வந்த மாற்றம் அது; அதை நாம் சிறுமைப்படுத்த மாட்டோம். ஆயினும் முன்பு சட்டம் செய்த வேலையை அதன் பின் எது செய்கிறது? பல்கலைக்கழகக் கட்டணம் செய்கிறது; வைத்தியச் செலவு செய்கிறது; மூடப்பட்ட ஆலை செய்கிறது. வேலைவாய்ப்பு நன்றாக இருந்த 2022 நிதியாண்டில், 60,000 பேரைச் சேர்க்க முயன்ற தரைப்படைக்கு 15,000 பேர் குறைந்தனர். உடனே தென் கரோலினாவின் ஜாக்சன் முகாமிலே, புள்ளி குறைந்தவருக்குப் பாடமும் எடை கூடியவருக்குப் பயிற்சியும் கொடுத்துச் சேர்க்கும் வகுப்பு ஆரம்பமாயிற்று. இந்த வகுப்பிலே பாடம் மெய்யாகவே நடக்கின்றது. மக்நமாராவின் திட்டத்தைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அந்த வகுப்பு அதே பிள்ளையின் ஊர்ப் பாடசாலையில் நடந்திருக்கக்கூடாதா?

இங்கே ஒரு மறுப்பு வரும். எம் தோழர்களிடமிருந்தே வரும். "ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த ஒரு வழி. அதையும் அடைக்கப் பார்க்கின்றீர்களா? படையிற் சேர்ந்து தாதியானவர், பொறியியலாளரானவர் இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கின்றோம். ஆனால் அவர்கள் தாதியானதற்குப் போர் ஏன் தேவைப்பட்டது என்று கேட்கும் உரிமையை எவரும் எம்மிடமிருந்து பறிக்கமுடியாது. இன்னும் ஒன்று. துப்பாக்கி தூக்காத வேலை கையில் இரத்தம் படாத வேலை என்ற எண்ணம் இத் தெரிவின் வழியாகவே வளர்கிறது. எண்ணெய் நிரப்புபவன் தான் எண்ணெய் மட்டுமே நிரப்பியதாக நம்புகிறான். படம் வாசிப்பவன் படம் மட்டுமே வாசித்ததாக நம்புகிறான். அந்த எண்ணெயில் எழுந்த விமானம் எந்த ஊரின்மீது பறந்தது என்பது அவனுடைய கடமைத்துறையிற் சேராது. போரின் அடியில் இருந்து ஆகாயத்தைப் பார்த்த ஊரவர்களான எமக்கு இந்தப் பாகுபாடு விளங்குவது கடினம்.

பட்டியலிலே தமிழ் இருந்தது என்றோமே, அத் திட்டம் என்னவாயிற்று என்று சொல்லிவிடுகின்றோம். மாணவர் விசாவிலும் தொழில் விசாவிலும் சட்டப்படி தங்கியிருந்தோருள், வைத்தியத் துறையினரும் குறித்த மொழிகள் தெரிந்தவரும் அதிற் சேரலாம். நிரந்தரக் குடியுரிமைக்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள், படையிற் சேர்ந்தாற் சில மாதங்களிலேயே அமெரிக்கப் பிரசைகள் ஆகலாம் என்பது வாக்குறுதி. இங்கே பேரம்பேசப்பட்டது வேலைகூட அன்று, தாய்மொழி. அம்மா பேசிய மொழி ஒரு தகைமையாகப் பத்திரத்தில் ஏறியது. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பல நாடுகளிலிருந்தும் அவ்வழியாற் சேர்ந்தனர். 2016 இலே பாதுகாப்புப் பரிசோதனைகள் கடுமையாக்கப்பட்டுத் திட்டம் நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே கையொப்பமிட்டுப் பயிற்சிக்குப் புறப்படக் காத்திருந்தோர் ஆயிரக்கணக்கில் இடைநடுவில் நின்றனர். காத்திருக்கையில் விசாக்காலம் முடிந்து, நாட்டில் இருக்கும் உரிமையையே இழக்கும் நிலைக்குச் சிலர் வந்தனர். வெளிநாட்டில் உறவினர் இருக்கின்றார்கள் என்பதே சந்தேகத்துக்குக் காரணமாகக் கொள்ளப்பட்டுச் சிலர் 2018 இல் விலக்கப்பட்டனர். வெளிநாட்டு மொழி தெரிந்தவனுக்கு வெளிநாட்டிலே தாய் தகப்பன் இருப்பார்கள் என்பது, மொழிகளின் பட்டியலைத் தயாரித்தபோது எவருக்கும் தோன்றவில்லை போலும். அவர்கள் நீதிமன்றங்களுக்குப் போயினர். சிலருக்கு நீதி கிடைத்தது. கையொப்பமிட்ட நாளிலே அவர்களும் அந்தப் புத்திமதியின்படிதான் நடந்திருந்தார்கள். எல்லாம் எழுத்திலே வாங்கியிருந்தார்கள்.

சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. இதைப் படிப்போரின் உறவினர் பிள்ளை எவராவது அந்த மேசைக்கு முன்னாற் போயிருக்கவுங்கூடும் என்பதாற் சொல்கின்றோம். அங்கே கையொப்பமிட்டவுடன் முகாமுக்குப் போவதில்லை. பெரும்பாலோர் பின்போடப்பட்ட சேர்க்கை என்ற வகையிலே சில மாதங்கள், சில வேளைகளில் ஒரு வருடம் வரையில், வீட்டிலேயே இருப்பர். அந்தக் காலத்துள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். அதற்குத் தண்டனை இல்லை, குற்றப்பதிவு இல்லை. சிறைக்குப் போவாய், வேறெங்கும் வேலை கிடைக்காது என்று ஆட்சேர்ப்பாளன் மிரட்டினால் அது பொய். அவ்வாறு மிரட்டுவதை அவனுடைய திணைக்களத்தின் விதிகளே தடுக்கின்றன. காரணத்தை ஒரு கடிதத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் தலைமைக்கு அஞ்சலிலே அனுப்பி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். புறப்படும் தேதியன்று அந்த நிலையத்துக்குப் போகவேண்டியதில்லை.